பல் கிளிப்புக்குக் கைப்பேசிக் கண்காணிப்பு: கூடுமா? போதுமா?

சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வெளித்திண்ணையில் நின்றிருந்தபோது ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். சவூதியில் பணிபுரிபவர், விடுப்பில் ஊர் வந்திருந்தார்.

"ஹஜ்ரத், மகளுக்குப் பல்லுல கிளிப் போட்டிருக்கோம். வயசு பதினாறு. மாசாமாசம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போக அவ உம்மாவால முடியல. இப்ப டாக்டர் ஒரு ஆப் குடுத்திருக்கார். வாரத்துக்கு ஒரு தடவை வாயைப் படம் எடுத்து அனுப்பினா போதும், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நேர்ல வந்தா சரிங்கிறார். பொம்பளப் பிள்ளை படம், எங்கெங்க போகுமோ தெரியல. இது கூடுமா?"

கூடும் என்றோ கூடாது என்றோ அங்கேயே ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆப் என்ன செய்கிறது, படம் யார் கைக்குப் போகிறது, அதைப் பார்ப்பது மனிதரா இயந்திரமா என்பதெல்லாம் நமக்கே அன்று சரியாகத் தெரியாது. ஒரு விஷயத்தின் உருவத்தை விளங்காமல் அதற்கு ஹுக்மு சொல்லக் கூடாது என்பது மதரஸாவில் நமக்குச் சொல்லித் தந்த பாடம். இரண்டு நாள் அவகாசம் கேட்டோம். பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டோம். அந்தச் செயலி எப்படி இயங்குகிறது என்று படித்தோம். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

வாரம் ஒரு படம் எதைச் சொல்லும்?

பல்லை நகர்த்துவது மிக மெதுவான வேலை. பிராக்கெட்டும் கம்பியும் பல்லின் மீது மெல்லிய விசையை இடைவிடாமல் செலுத்துகின்றன. பல் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அந்தப் பக்கத்துத் தாடை எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து வழி விடுகிறது. பின்பக்கம் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம்தான். சீக்கிரம் முடியட்டும் என்று விசையைக் கூட்டினால் பல்லின் வேரே கரையும் அபாயம் இருக்கிறது. இதனால்தான் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நீள்கிறது. 4 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் போக வேண்டியிருக்கிறது.

கீழக்கரையிலிருந்தோ தொண்டியிலிருந்தோ மதுரைக்குப் போய்வரும் தாய்மாருக்கு அது முழுதாக ஒரு நாள். பஸ், காத்திருப்பு, மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லா இருக்கு, போய்ட்டு வாங்க" என்பது, மீண்டும் பஸ். இதற்கு நேர்மாறான கஷ்டமும் உண்டு. போய் வந்த மறுவாரமே ஒரு பிராக்கெட் கழன்றுவிடும். வலி இல்லாததால் பிள்ளை சொல்லாது. உம்மாவும் கவனிக்க மாட்டார். அடுத்த முறை போகும்போதுதான் தெரியும். அதற்குள் அந்தப் பல்லின் கணக்கில் ஒரு மாதம் வீணாகியிருக்கும். தேவையில்லாத பயணம் ஒருபுறம், தேவையான நேரத்தில் பார்க்க முடியாமை மறுபுறம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பத்தான் தொலைக் கண்காணிப்பு வந்தது.

உலக அளவில் இதற்குப் பெயர்பெற்றது பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட டென்டல் மானிட்டரிங் என்ற நிறுவனம். நோயாளியின் கைப்பேசியில் ஒரு செயலி. கைப்பேசியைப் பொருத்திக்கொள்ள ஸ்கேன்பாக்ஸ் என்ற சிறு பெட்டி. கன்னத்தையும் உதட்டையும் விலக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம். பல்லைக் கடித்தபடி, வாயைத் திறந்தபடி, இடமும் வலமுமாகப் படம் எடுக்கச் செயலியே வழிகாட்டும். வீட்டில் இருந்தபடி சில நிமிடங்களில் முடிந்துவிடும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024-ல் இதற்கு மருத்துவ மென்பொருள் என்ற வகையில் அனுமதி வழங்கியது. இன்விசலைன் அலைனர்களைத் தயாரிக்கும் அலைன் டெக்னாலஜி நிறுவனமும் கொரோனா தொடங்கிய 2020-ல் இதே போன்ற ஒரு வசதியைக் கொண்டுவந்தது.

அனுப்பிய படத்தை முதலில் பார்ப்பது மென்பொருள். போன வாரப் படத்தோடு ஒப்பிட்டு, பிராக்கெட் கழன்றிருக்கிறதா, கம்பி விலகியிருக்கிறதா, ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா, பல்லில் அழுக்குப் படிந்திருக்கிறதா என்று தேடுகிறது. கழற்றி மாட்டும் அலைனர் என்றால், அது பல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா என்று பார்த்து, அடுத்த அலைனருக்குப் போகலாம் என்றோ, இதையே இன்னும் சில நாள் போடு என்றோ சொல்லும். ஏதேனும் பிசகு தெரிந்தால் மருத்துவமனைக்குத் தகவல் போகும்.

எல்லாவற்றிலும் அதிகப் பயன் அழுக்கையும் ஈறு வீக்கத்தையும் முன்கூட்டியே காட்டுவதில்தான் என்று நாம் விசாரித்த நிபுணர் சொன்னார். கிளிப்பைச் சுற்றி உணவு தங்கி, சரியாகத் துலக்காமல் விட்டால் பல்லின் எனாமலில் சுண்ணச்சத்து கரைந்து வெள்ளைத் திட்டுகள் விழும். கிளிப்பைக் கழற்றும் நாளில் பல் வரிசையாக இருக்கும், ஆனால் புள்ளி புள்ளியாக இருக்கும். வாயைச் சுத்தமாக வைப்பதை இபாதத்தோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மிஸ்வாக்கின் சிறப்பை பயானில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒரு செயலி நினைவூட்டித்தான் பல் துலக்க வேண்டியிருக்கிறது என்பதில் நமக்குச் சற்று வருத்தம்தான். ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: கிளிப் போட்டிருக்கும்போது மிஸ்வாக் மட்டும் போதாது. கம்பிக்கு அடியில் நுழையும் சிறு பிரஷ் வேண்டும்.

கண் நீளும், கை நீளாது

படத்தில் தெரியாதவை நிறைய. வேர் எந்த நிலையில் இருக்கிறது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். பல் ஆடுகிறதா என்பதை விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையே எவ்வளவு ஆழம் என்பதைக் கருவியால் அளக்க வேண்டும். தாடை மூட்டில் சத்தமோ வலியோ வருகிறதா என்பது படத்தில் வராது. கம்பியை மாற்றவும், முறுக்கவும், கழன்ற பிராக்கெட்டை ஒட்டவும் மருத்துவரின் கை வேண்டும். தொலைக் கண்காணிப்பு மருத்துவரின் கண்ணை நம் வீடு வரை நீட்டுகிறது, கையை நீட்டவில்லை. நேரில் போகும் முறைகள் இதனால் ஓரளவு குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சிகிச்சைக் காலமே பாதியாகிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் அதை நம்ப வேண்டாம்.

நம் ஊர்களில் பெரும்பாலோருக்கு இந்த வெளிநாட்டுச் செயலிகள் எட்டுவதில்லை. மருத்துவமனை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதுதான் நடக்கிறது. பெட்டியும் இல்லை, மென்பொருளும் இல்லை. ஆனால் அதுவும் தொலைக் கண்காணிப்புதான். கீழே சொல்லப்போகும் ஒழுங்குகள் அதற்கும் பொருந்தும்; சொல்லப்போனால் அதற்குத்தான் அதிகம் பொருந்தும்.

இங்கே பெற்றோர் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். "நன்றாக இருக்கிறது, தொடருங்கள்" என்று வாராவாரம் செயலியில் செய்தி வருகிறதே, அதை அனுப்புவது யார்? மருத்துவர் பெயர் போட்டுத்தான் வரும். ஆனால் பல நேரங்களில் மருத்துவர் முன்கூட்டியே வகுத்துக் கொடுத்த விதிகளின்படி மென்பொருள் தானாக அனுப்பும் செய்தி அது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. நூறு படங்களில் தொண்ணூறு சரியாக இருந்தால், மீதிப் பத்தில் மருத்துவர் கவனம் செலுத்தட்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆனால் டாக்டரே பார்த்துவிட்டார் என்று உம்மா நினைத்துக்கொண்டிருக்க, ஆறு வாரமாக எந்த மனிதரும் பார்க்கவில்லை என்றால், அந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை. "படத்தை நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரடியாகப் பார்ப்பீர்கள்?" என்று முதல் நாளே கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மருத்துவரின் கை படாத சிகிச்சை

தொலைவிலிருந்து கண்காணிப்பது ஒன்று. தொலைவிலிருந்தே முழுச் சிகிச்சையையும் நடத்துவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய பாடம் கிடைத்தது. 2014-ல் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற நிறுவனம், வீட்டிலேயே வாயின் அச்சை எடுத்து அனுப்பினால் அலைனர்களைத் தபாலில் அனுப்பிவைக்கும் முறையைப் பிரபலமாக்கியது. வழக்கமான சிகிச்சையைவிட விலை குறைவு. மருத்துவர் ஒருவர் தொலைவிலிருந்து கோப்பைப் பார்த்து ஒப்புதல் தருவார். நாற்காலியில் உட்கார வைத்து வாயைப் பார்ப்பவர் எவரும் இல்லை. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்களின் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. 2019-ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கடையை மூடியது.

பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் அந்தரத்தில் நின்றார்கள். ஆயுள் உத்தரவாதம் என்று சொல்லப்பட்டது இல்லாமல் போனது. இதைவிடக் கொடுமை, தவணையில் பணம் கட்டிவந்தவர்கள் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. நகர்ந்துகொண்டிருக்கும் பல்லைப் பாதியில் விட்டால் அது பழைய இடத்துக்கும் போகலாம், கடி மாறியும் நிற்கலாம். அவர்கள் உள்ளூர் மருத்துவர்களைத் தேடி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மருத்துவம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. பொறுப்பு என்பது ஒரு மனிதரின் கழுத்தில் இருக்க வேண்டும். மென்பொருள் முகல்லஃப் அல்ல. அதை மறுமையிலும் விசாரிக்க முடியாது, நுகர்வோர் நீதிமன்றத்திலும் நிறுத்த முடியாது. ஆகவே ஆன்லைனில் அலைனர் விற்பவர்கள் நம் நாட்டிலும் பெருகியிருக்கும் இந்நேரத்தில், உங்கள் பிள்ளையின் வாய்க்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் மருத்துவர் யார் என்று பாருங்கள். பி.டி.எஸ். முடித்த பிறகு பல் சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவரே இத்துறையின் நிபுணர். தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தில் அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். செலவுதான் தடை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. முறை வரக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் தனியார் கட்டணத்தில் சிறு பங்குதான் ஆகும். வட்டித் தவணையில் அலைனர் வாங்குவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலில் கிளிப் போடுவதே கூடுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கும் பெண்களைச் சபித்து வரும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதில் வரும் 'அழகுக்காக' என்ற சொல்லைக் கவனித்தே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள குறையை நீக்கவோ தேவைப்பட்டால் தவறில்லை என்று முஸ்லிமின் விரிவுரையில் விளக்கினார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு வைத்து அது துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியும் இதற்கு ஆதாரமாகிறது. 2007-ல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் துன்பம் தரும் பிறவிக் குறைகளைச் சீர்செய்ய அனுமதித்தது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மெல்ல முடியாமல், துலக்க முடியாமல், வெளியே சிரிக்கக் கூச்சப்படும் பிள்ளைக்குக் கிளிப் போடுவது சிகிச்சைதான். வரிசையான பல்லை நடிகையின் பல்லைப் போல மாற்றுவது வேறு விஷயம்.

இனி, படம். கேமராப் படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தவிர்க்கச் சொல்பவர்களும் பாஸ்போர்ட், மருத்துவம் போன்ற தேவைகளுக்கு விலக்கு அளிக்கிறார்கள். அந்நிய ஆண் மருத்துவர் பார்ப்பதும் அப்படியே. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரே முதல் தேர்வு, கிடைக்காதபோது தேவைக்கு அனுமதி உண்டு. ஆனால் தேவைக்காகத் தரப்பட்ட அனுமதி, தேவையின் அளவோடு நின்றுவிடும். நம் சகோதரரின் கேள்விக்குச் சாவி இதுதான்.

வாராந்திரக் கண்காணிப்புக்குத் தேவைப்படுவது பல்லும் ஈறும் மட்டுமே. உதட்டுக்கு மேலோ தாடைக்குக் கீழோ படத்தில் ஒன்றும் வர வேண்டியதில்லை. முகம், தலைமுடி, கழுத்து, பின்னாலிருக்கும் படுக்கையறை எதுவும் தேவையில்லை. தொடக்கத்தில் மட்டும், தாடையின் அமைப்பை முடிவு செய்ய முகத்தின் முன்பக்கப் படமும் பக்கவாட்டுப் படமும் மருத்துவர்கள் எடுப்பார்கள். அது சிகிச்சைத் திட்டத்துக்கு உண்மையிலேயே தேவை, முக்காட்டோடும் எடுக்கலாம். வீட்டிலிருந்து வாராவாரம் முழு முகப் படம் கேட்டால், எதற்கு என்று விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நாம் யோசித்துப் பார்த்ததில் ஒன்று தோன்றியது. நேரில் போகும்போது தனிமை பற்றிக் கவலைப்படுகிறோம். உம்மாவோ வாப்பாவோ உடன் இருக்கிறார்களா என்று பார்க்கிறோம். படம் அனுப்பும்போது அந்தக் கவலை இல்லை, ஆனால் வேறொன்று வருகிறது. மருத்துவர் நேரில் பார்க்கும் பார்வை, பிள்ளை எழுந்து வந்ததும் முடிந்துவிடுகிறது. படம் முடிவதில்லை, அது எங்கோ இருந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் கதவு இடுக்கு வழியே நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் எட்டிப் பார்த்த சம்பவம் புகாரீயில் வருகிறது. அனுமதி கேட்பது என்ற சட்டமே பார்வையின் காரணமாகத்தான் ஏற்படுத்தப்பட்டது என்று அப்போது அவர்கள் உணர்த்தினார்கள். வீட்டுக்குள் கால் வைக்காமல் கண்ணை மட்டும் வைப்பதற்கும் அனுமதி வேண்டும் என்றால், வாராவாரம் வீட்டுக்குள் வரும் இந்தக் கண்ணுக்கும் எல்லை உண்டுதானே? வல்லாஹு அஃலம்.

படம் யார் கையில்?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. மகளுக்குச் சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. நிகாஹ் பேசி முடித்திருந்தார்கள். ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு இன்ஸ்டாகிராம் படத்தை அனுப்பி, இது உங்கள் பிள்ளைதானா என்று கேட்டார்கள். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு படங்கள்; முக்காடு இல்லாமல், சிரித்த முகம். சிகிச்சை செய்த மருத்துவமனை விளம்பரத்துக்காகப் போட்டிருந்தது. வாப்பா கொதித்துப்போய்ச் சென்றார். அவர்கள் பணிவோடு ஒரு தாளைக் காட்டினார்கள். முதல் நாள் கையெழுத்திட்ட நான்கு பக்கப் படிவத்தில், படங்களைக் கல்விக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு வரி இருந்தது. படிக்காமல் போட்ட கையெழுத்து. படத்தை அன்றே எடுத்துவிட்டார்கள்; நிகாஹும் அல்ஹம்துலில்லாஹ் நல்லபடியாக நடந்தது. ஆனால் அந்தப் பிள்ளை பல நாள் அழுதது.

சிகிச்சைக்குச் சம்மதிப்பதும் விளம்பரத்துக்குச் சம்மதிப்பதும் ஒன்றல்ல. அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதனால் சிகிச்சையை மறுப்பவர் இருந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். 2023-ல் நம் நாட்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தேவை முடிந்த தகவலை அழிக்கக் கோரவும் அதில் வழியிருக்கிறது. ஆகவே செயலியில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானைப் பிள்ளையே அழுத்திவிடக் கூடாது. பெற்றோர் படித்துவிட்டு அழுத்த வேண்டும். படங்கள் எந்த நாட்டில் சேமிக்கப்படுகின்றன, மென்பொருளைப் பழக்க அவற்றைப் பயன்படுத்துவார்களா, சிகிச்சை முடிந்தபின் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பவையும் கேட்க வேண்டியவையே. ஒரு எச்சரிக்கை: பதிவேடுகள் முழுவதையும் அழிக்கச் சொல்லிவிடாதீர்கள். எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் பின்னால் தேவைப்படும். மருத்துவர் அவற்றை வைத்திருப்பது நம் நன்மைக்கே.

வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். செய்தி போகும் வழி பூட்டப்பட்டிருக்கலாம். ஆனால் போய்ச் சேர்ந்த கைப்பேசியின் கேலரியில் படம் தானாகப் பதிவாகும். அது மருத்துவரின் சொந்தப் போனா, வரவேற்பில் இருப்பவரின் போனா? நம் பக்கத்திலும் அப்படியே. எடுத்த படம் கூகுள் கணக்கில் ஏறி, அதே கணக்கில் இருக்கும் அண்ணனின் போனிலும் தெரியும். அனுப்பியதும் அழித்துவிடுவது, ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்புவது, பெயரும் ஊரும் எழுதாமல் மருத்துவமனை தந்த கோப்பு எண்ணை மட்டும் குறிப்பிடுவது என்று சிறுசிறு பழக்கங்களே பெரும்பாலும் போதும்.

வீட்டில்

எந்தக் கண்காணிப்பும் நாணயமில்லாவிட்டால் பயனில்லை. அலைனரை ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும். ரப்பர் பேண்டைச் சொன்ன நேரமெல்லாம் மாட்ட வேண்டும். படம் எடுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் மாட்டிக்கொண்டு, மீதி நேரம் மேசையில் வைத்திருக்கும் பிள்ளையை வெறும் படத்தைப் பார்த்து உடனே கண்டுபிடிக்க முடியாது. சில வாரம் கழித்துப் பல் நகராதபோது தெரியவரும். அப்போது ஏசுவதைவிட, ஏன் போடவில்லை என்று கேட்பது நல்லது. வலி இருக்கலாம், வகுப்பில் யாராவது கேலி செய்திருக்கலாம். கம்பி குத்தி வாய் புண்ணாகியிருந்தால் அதைச் செயலியில் எழுதிக் காத்திருக்க வேண்டாம். மெழுகு வைத்துவிட்டு மருத்துவமனைக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள். வீக்கம், காய்ச்சல், அடிபட்டுப் பல் ஆடுவது போன்றவற்றுக்குப் படம் அல்ல, பயணம்தான் வேண்டும்.

நோன்பு காலத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அலைனரோ கிளிப்போ வாயில் இருப்பதால் நோன்பு முறியாது. கன்னத்தை விலக்கும் வளையத்தை வைத்துப் படம் எடுப்பதாலும் முறியாது. பகலில் சாப்பாடு இல்லாததால் அலைனர் நீண்ட நேரம் வாயில் இருக்கும், அதுவே ஒரு வசதி. இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை கொறித்துக்கொண்டே இருந்தால்தான் கணக்குக் கெடும். கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபீ மத்ஹபில் ஃபர்ளு. ஆகவே கழற்ற முடிகிற அலைனரைக் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். ஒட்டிய பிராக்கெட்டைக் கழற்ற முடியாது என்பதால் அதன் மீது தண்ணீர் பட்டாலே போதும். ஷாஃபிஈ மத்ஹபில் அங்கே கொப்பளிப்பது சுன்னத்.

அந்தச் சகோதரருக்கு இரண்டு நாள் கழித்து இவற்றைச் சுருக்கிச் சொன்னோம். விடுப்பு முடிவதற்குள் மகளோடும் மனைவியோடும் அவரே மதுரை போய் வந்தார். படிவத்தில் விளம்பர வரியை அடித்தார். படத்தை நேரடியாக எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் அஸருக்குப் பின், ஜன்னலோர வெளிச்சத்தில் உம்மா கைப்பேசியைப் பிடிக்கிறார்; உதட்டோடு படம் நின்றுவிடுகிறது. அனுப்பும் முன் ரியாதிலிருந்து வாப்பாவும் வீடியோ காலில் ஒருமுறை பார்த்துவிடுகிறாராம். மகளின் வாயைத் தான் இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அவள் பால் பல் விழுந்த காலத்தில்தான் என்று அவர் நமக்கு அனுப்பிய குரல் பதிவில் சிரித்துக்கொண்டே சொன்னார்.